காருக்குள் விழுந்த கீறலை எடுப்பது எப்படி: வரிசை மாறாத வழிகாட்டி

டீட்டெயிலிங் வேலைக்கு, அதாவது காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலைக்கு, புதிதாக வரும் பையனிடம் கீறல் விழுந்த கியர் பேனலைக் கொடுத்தால், அவன் கை நேராகக் காம்பவுண்ட் (தேய்த்துக் கீறல் எடுக்கும் பசை) டப்பாவுக்குத்தான் போகும். வேலை கெடுவது அங்கேதான். கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் போட்டால் பள்ளம் நிரம்பி மேலே வராது. அதைச் சுற்றியிருக்கும் மேட்டைத்தான் நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறோம். அப்படி இறக்க மேலே எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது? இறக்கியபின் அந்த இடம் பக்கத்து இடத்தைப் போலவே தெரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு டப்பாவைத் திறந்தால் போதும்.

கீழே உள்ளது நான் வேலை செய்யும் வரிசை. முதல் ஐந்து படிகளில் ஒரு கீறல்கூடப் போகாது. அதனாலேயே எல்லோரும் அவற்றைத் தாண்டி ஓடப் பார்க்கிறார்கள்.

1. எந்த ரகம் என்று பிரித்துப் பாருங்கள்

காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. கியரைச் சுற்றியும் ஏசி வென்ட் ஓரத்திலும் பவர் விண்டோ சுவிட்சைச் சுற்றியும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கறுப்பு இருக்கிறதே, அது பியானோ பிளாக். இதைத் தேய்த்துச் சரி செய்யலாம். மீட்டரின் மேல்மூடியை மீட்டர் கிளாஸ் என்று சொல்கிறோம். உண்மையில் அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அதையும் சரி செய்யலாம், ஆனால் கை இன்னும் மெதுவாக இருக்க வேண்டும்.

டேஷ்போர்டின் மேல்பக்கம், டோர் பேடின் கீழ்ப்பகுதி, டிக்கி ஓரம் ஆகியவை சொரசொரப்பு ரகம். பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். தோல் போன்ற அந்த வரிகள் அச்சிலேயே வார்த்தவை. தேய்த்தால் கீறலோடு வரியும் போய், அந்த இடம் மட்டும் வழுவழுவென்று மின்னும். போன வரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே இங்கே உப்புத்தாளுக்கும் வேலை இல்லை, பாலிஷுக்கும் வேலை இல்லை.

தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருப்பது இன்னொரு ரகம். அது பிளாஸ்டிக்கின் மேல் அடித்த மெல்லிய பூச்சு. சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் சில வருடங்களில் பிசுபிசுக்கத் தொடங்கும். தேய்த்தால் உரியும். டச் ஸ்கிரீனிலும் கூசொளி தடுக்கும் பூச்சு உண்டு. பாலிஷ் பட்டால் அது திட்டுத் திட்டாகப் போய்விடும், எனவே கீறல் இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால் செல்போன் டார்ச்சைப் பேனலில் பிரதிபலிக்க வையுங்கள். விளக்கின் உருவம் கூர்மையாகத் தெரிந்தால் பளபளப்பு ரகம். ஒளி பரவி மங்கினால் சொரசொரப்பு ரகம்.

இதே நேரத்தில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அந்தப் பேனல் புதிதாக என்ன விலை என்று விசாரியுங்கள். சில கார்களில் கியர் பேனல் சில நூறு ரூபாய்தான் இருக்கும். அதற்காக அரை நாள் குனிந்து தேய்ப்பது வீண் வேலை.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

முக்கியமானது துணி. மைக்ரோஃபைபர் துணி குறைந்தது ஆறு வேண்டும், அதுவும் துவைத்து, ஓரத் தையல் வெட்டியதாக. பட்டறைகளில் கிடக்கும் பனியன் வேஸ்ட், டிரைவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் துணி இரண்டையும் பளபளப்புப் பேனல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவற்றில் ஏற்கெனவே தூசியும் மணலும் ஏறியிருக்கும்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியும். கறுப்புப் பேனலில் அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளியை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி ஆசிட்டும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இவை தவிர மாஸ்கிங் டேப், மென்மையான தூரிகை, ஃபோம் அப்ளிகேட்டர், பிளாஸ்டிக்குக்கு உகந்த மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், அதற்கு ஒரு படி மேலான மீடியம் காம்பவுண்ட், 3000 மற்றும் 5000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்), பிளாஸ்டிக் நெம்பி. சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். பேனல் கிளிப்புகளும் நாலைந்து கூடுதலாக வாங்குங்கள். கழற்றும்போது ஒன்றாவது உடையும்.

முதல் தடவை செய்பவர்கள், பழைய கார் உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், கழித்துப்போட்ட காரின் பளபளப்புப் பேனல் ஒன்றை வாங்கி அதில் பழகுங்கள். வாடிக்கையாளர் காரில் கை பழகுவதைவிட அது மலிவு.

டூத்பேஸ்ட் வேண்டாம். அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது. ஆனால் பல பாலிஷ்களைப் போல அது வேலை நடக்க நடக்க நுணுகிப் போவதில்லை, முதல் தேய்ப்பில் எப்படி இருந்ததோ கடைசி வரை அப்படியே கீறிக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரைத் துடைக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் அதே கதைதான். பார்க்கப் பஞ்சு, செய்வது உப்புத்தாள் வேலை.

3. காரைக் குளிர விடுங்கள்

மே மாத மதியம் வெளியே நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டில் பாலிஷ் போட்ட நிமிடமே காய்ந்து துகள் கட்டியாகிவிடும். கட்டியான துகள் புதுக் கீறல் போடும். பிளாஸ்டிக்கும் இளகியிருப்பதால் கீறல் இன்னும் சுலபமாக விழும்.

நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து, ஒரு மணி நேரம் விடுங்கள். புறங்கையைப் பேனலில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. நான் இந்த வேலையைக் காலை 9 மணிக்குள் முடித்துவிடப் பார்ப்பேன்.

4. தேய்க்காமல் சுத்தம் செய்யுங்கள்

பளபளப்புப் பேனலில் தெரியும் மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி சாவியாலோ வளையலாலோ வந்ததல்ல. காய்ந்த துணியால் தூசியைத் துடைத்ததால் வந்தது. பெசன்ட் நகரிலோ ஈ.சி.ஆரிலோ கடற்கரைக்குப் போய்வந்த கார் என்றால் தூசியோடு மணலும் இருக்கும். அதை அப்படியே தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வேக்குவம். குழாயின் வாய் பேனலில் படாமல், தூரிகையால் தூசியைக் கிளப்பி உறிஞ்சுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு சொட்டு கார் ஷாம்பு கலந்து, துணியில் தெளித்து (பேனலில் அல்ல, சுவிட்சுக்குள் இறங்கும்), ஒரே திசையில் ஒத்தி எடுங்கள். துணியின் ஒரு மடிப்பை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். எடுத்த அழுக்கோடு திரும்பிப் போனால் அதுவே கீறும்.

கீறல் என்று நினைத்ததில் பாதி இந்தப் படியிலேயே காணாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டோர் பேடின் கீழே தெரியும் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் செருப்பின் ரப்பர் ஒட்டியது. அது கீறலே இல்லை.

ஸ்டிக்கர் பசையோ சாமி சிலை ஒட்டிய டேப்போ இருந்தால் ஹேர் ட்ரையரால் இளக்கி விரலால் உருட்டி எடுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் கூடவே கூடாது.

5. நகத்தால் ஆழம் பாருங்கள்

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கீறலைக் கண்டுபிடியுங்கள். அதன் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடங்கலே இல்லாமல் போனால் கையால் எடுத்துவிடலாம். லேசாகத் தட்டினால் பாலிஷ் மெஷின் அல்லது வாட்டர் பேப்பர் தேவைப்படலாம். மாட்டி நின்றால் அது முழுதாகப் போகாது. விளிம்பை மழுக்கி, கண்ணில் படாதபடி குறைக்கலாம். இதைக் காரின் சொந்தக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

6. கழற்றுங்கள், இல்லையென்றால் மறையுங்கள்

கியர் பேனல் போன்றவை கிளிப்பில் நிற்பவை. கழற்ற முடிந்தால் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யுங்கள். சுவிட்ச் இடுக்கில் பாலிஷ் புகாது, விளிம்பும் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் சாவி ஆஃபில் இருக்கட்டும், கனெக்டரை இழுக்கும்முன் அதன் பூட்டை அழுத்துங்கள்.

ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுதியிருக்கும் மூடியைக் கழற்றவும் கூடாது, சூடாக்கவும் கூடாது, பூச்சு அடிக்கவும் கூடாது. விரிய வேண்டிய நேரத்தில் அந்த மூடி சரியாகப் பிளக்க வேண்டும்.

கழற்ற முடியாதவற்றுக்கு மாஸ்கிங் டேப். சுவிட்ச் இடைவெளி, பக்கத்துச் சொரசொரப்புப் பகுதி, எழுத்து அச்சடித்த இடம் எல்லாவற்றையும் மூடுங்கள். சொரசொரப்பில் பாலிஷ் புகுந்து காய்ந்தால் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும், பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பேனலின் சொந்த விளிம்பிலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். பேனலின் மேல்பூச்சு மிக மெல்லியதாக இருப்பது விளிம்பில்தான், பாலிஷ் மெஷினின் ஃபோம் பேட் அதிகம் கடிப்பதும் அங்கேதான்.

நானே ஒருமுறை டேப் ஒட்டச் சோம்பல்பட்டு ஒரு பேனலின் மூலையைத் தேய்த்துப் பூச்சைத் தாண்டிவிட்டேன். கீறல் போனது, மூலையில் மங்கலான ஒரு பிறை வந்தது. புதுப் பேனல் என் செலவு.

7. கையால் தொடங்குங்கள்

கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் ஃபினிஷிங் பாலிஷை முயன்று பாருங்கள். துணியைக் கவனியுங்கள். வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடித்த தெளிவான பூச்சு) இருக்கிறது. கறுப்பு ஏறினால் பூச்சு இல்லாமல் நிறமே பிளாஸ்டிக்கில் கலந்தது என்று அர்த்தம், அதில் இன்னும் கொஞ்சம் தாராளமாக வேலை செய்யலாம். ஆனால் நடுவில் ஒரு எச்சரிக்கை: இத்தனை நேரம் வெள்ளையாக வந்த துணியில் திடீரென்று கறுப்பு வந்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. அந்த நொடியே நிறுத்துங்கள்.

அப்ளிகேட்டரில் பட்டாணி அளவு பாலிஷ். உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். மேலும் கீழுமாகப் பத்து முறை, பிறகு இடவலமாகப் பத்து முறை, நேர்க்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் மிச்சமிருக்கும் நுண்கோடுகள் எந்தப் பக்கத்து வெளிச்சத்திலும் வலைபோல மின்னும். அழுத்தம் என்பது கன்னத்தில் பவுடர் போடும் அளவுதான்.

துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. இரண்டு சுற்றுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் மட்டும் மீடியம் காம்பவுண்டுக்குப் போங்கள். காம்பவுண்ட் போட்ட இடத்தில் கடைசியாக மறுபடி ஃபினிஷிங் பாலிஷ் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பனி படிந்தது போல மங்கல் நிற்கும். புதியவர்கள் கீறல் போன சந்தோஷத்தில் இதை விட்டுவிடுவார்கள். கார் வெயிலுக்குப் போனதும் போன் வரும்: "அண்ணா, பேனல் வெளுத்த மாதிரி இருக்கு."

8. மெஷின் எப்போது

பேனல் பெரிது, கோடுகள் நிறைய என்றால்தான். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுழன்றபடியே அசைந்தும் ஓடும் பாலிஷ் மெஷின்) 2 அல்லது 3 அங்குல ஃபோம் பேட், மிகக் குறைந்த வேகம். பாடியில் பஃபிங் போட்ட கைக்கு இங்கேதான் சறுக்கும். இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. சூடு பேட்டின் அடியிலேயே தங்கும். 100 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே அக்ரிலிக்கும் ஏபிஎஸ்ஸும் இளகத் தொடங்கிவிடும். 20 நொடிக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் ஆற விடுங்கள்.

பேட்டைப் பேனலில் வைத்த பிறகு மெஷினை ஓடவிடுங்கள். ஓடும் மெஷினை இறக்கினால் பாலிஷ் கூரை வரை தெறிக்கும். கூரைத் துணியைச் சுத்தம் செய்வது தனி வேலை.

9. வாட்டர் பேப்பர்: நகம் தட்டிய கீறலுக்கு மட்டும்

தாளை அரை மணி நேரம் ஷாம்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். விரலால் நேரடியாகத் தேய்க்காதீர்கள். விரல் நுனி அழுந்தும் இடத்தில் குழி விழும். ஒரு பென்சில் ரப்பரில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், சின்னக் கீறலுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டை கிடையாது.

முதலில் 3000, ஒரே திசையில். அந்த இடம் முழுக்க ஒரே சீராக மங்கியதும் துடைத்துவிட்டு 5000, அதற்குக் குறுக்குத் திசையில். திசையை மாற்றுவது எதற்கென்றால், முந்தைய தாளின் கோடு மிச்சம் இருந்தால் குறுக்காகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதெல்லாம் மறைந்த பிறகு காம்பவுண்ட், பிறகு ஃபினிஷிங் பாலிஷ்.

கீறல் ஒரு நூல் போல மிச்சம் இருக்கும்போதே நிறுத்தப் பழகுங்கள். கடைசி நூலைத் துரத்திப் போய்த்தான் கிளியர் கோட்டைத் தாண்டுகிறார்கள்.

10. மீட்டர் மூடி, மரம், குரோம்

மீட்டர் மூடிக்கு மெஷின் வேண்டாம். மெல்லியது, அழுத்தினால் வளையும். பிளாஸ்டிக் பாலிஷ், கை, ஏழாம் படியில் சொன்ன அதே முறை. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது. அக்ரிலிக்கில் இவை பட்டால் உள்ளே தலைமுடி போல வெடிப்பு ஓடக்கூடும், அதற்கு மருந்து கிடையாது. கப் ஹோல்டரில் சானிடைசர் பாட்டிலைச் சாய்த்து வைப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

மரத்தாலான அலங்காரப் பட்டை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மரம்போல் அச்சிட்ட படலத்தின் மேல் அடித்த கிளியர் கோட். மெல்லிய கோடுகளுக்குக் கைப் பாலிஷ் போதும். நிறத்தையே கிழித்த கீறலைத் தொடாதீர்கள். வரிவரியாக இழைத்த அலுமினியத்தில் வரியின் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே போகவே கூடாது. குரோம் என்பது பிளாஸ்டிக் மேல் ஏற்றிய மெல்லிய முலாம். உரிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

11. சொரசொரப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கீறல்

டிக்கியில் பெட்டி உரசிய இடம், கதவில் ஷூ இடித்த இடம். பிளாஸ்டிக் இழுபட்டு, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி, அதில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. சூடு காட்டினால் பிளாஸ்டிக் தளர்ந்து, நிறம் ஓரளவு திரும்பும். இதற்கு ஹேர் ட்ரையர் போதாது, அதைவிட மிகச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும்.

கீறலோரம் சில்லு நீட்டிக்கொண்டிருந்தால் நகவெட்டியால் முதலில் வெட்டிவிடுங்கள். சூட்டில் அது உருண்டு கரும்புள்ளி ஆகிவிடும். பாலிப்ரோப்பிலீன் உருகுவது சுமார் 160 டிகிரியில். பல ஹீட் கன்கள் முதல் வேகத்திலேயே 300 டிகிரிக்கு மேல் ஊதும். எனவே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கை நிற்காமல், இஸ்திரி போடுவது போல முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மூன்று நான்கு நொடி காட்டி, விலக்கி, பாருங்கள். வெள்ளை கருக்கத் தொடங்கியதும் போதும். ஈரம் போல மினுக்கம் தெரிந்தால் வரி உருகத் தொடங்கிவிட்டது, உடனே விலக்குங்கள். அதன்பின் ஆறும்வரை விரலால் தொடாதீர்கள், கைரேகை பதிந்துவிடும்.

நன்றாக ஆழமாகப் போன கீறலுக்கு இது உதவாது. அதை நிரப்பி, வரி அச்செடுத்து, நிறம் சேர்ப்பது தனிக் கைத்தொழில். டேஷ்போர்டு பாலிஷ் எண்ணெயைத் தடவி மறைத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் எண்ணெய் காய்ந்து கீறல் திரும்ப வரும், இடையில் அந்த எண்ணெயில் ஊர்த் தூசியெல்லாம் ஒட்டும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் அதைத் தடவுவது ஆபத்து, வழுக்கும்.

12. துடைத்துவிட்டு உண்மையைப் பாருங்கள்

பல பாலிஷ்களில் எண்ணெய் உண்டு. அது நுண்கோடுகளை நிரப்பி, கீறல் போனது போலக் காட்டும். அதனால் முடிந்ததும் ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து, காரைச் சாய்வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பட்டறை ஷெட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிவதை நம்பி காரை ஒப்படைக்காதீர்கள்.

திருப்தியாக இருந்தால் டேப்பை எடுங்கள், 45 டிகிரி சாய்வில், மெதுவாக. பேனல் கழற்றியிருந்தால் கனெக்டரை மாட்டி, ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்திப் பார்த்த பிறகு கிளிப்பை அமுக்குங்கள்.

13. மேலே ஃபிலிம்

பியானோ பிளாக் மறுபடி கீறும். அதன் குணம் அது. கிளியர் கோட்டில் இப்போது ஒரு பங்கு செலவாகிவிட்டதால், அடுத்த தடவைக்குக் கனம் குறைவு. ஆகவே வேலை முடிந்த கையோடு அந்த மாடலுக்கென்றே வெட்டி வரும் டிபியு என்னும் நெகிழும் பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்டிவிடச் சொல்வேன். இனி கீறுவது ஃபிலிமாக இருக்கும். ஒட்டும் தண்ணீரைப் பேனலைக் கழற்றி வைத்திருக்கும்போதே தெளிப்பது சுவிட்சுகளுக்கு நல்லது.

ஃபிலிம் வேண்டாம் என்பவர்கள் ஒரு சின்னத் தூரிகையும் ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் கிளவ் பாக்ஸில், ஜிப் கவருக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு இந்த வேலை அதிகமாக வரும். கியர் பேனலில் சந்தனமும் குங்குமமும் வைத்து, விபூதி பூசி, மறுநாள் காய்ந்ததைக் கைத்துண்டால் தேய்த்து எடுத்திருப்பார்கள். விபூதியும் தூள்தான், அதுவும் கீறும். பொட்டை ஃபிலிமின் மேலோ சொரசொரப்பு இல்லாத ஒரு சின்ன ஸ்டிக்கரின் மேலோ வையுங்கள். பேனலிலேயே வைத்துவிட்டால், ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, ஒத்தி எடுங்கள். மஞ்சள் என்றால் அன்றே எடுத்துவிடுங்கள்.